வெளிவந்த வருஷம், கதை நடக்கும் வருஷம்: அமெரிக்க ஸ்கூல் படங்களைக் கழித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு சின்னக் கழித்தல் கணக்கோட ஆரம்பிக்கலாம். பயப்படாதீங்க, மேத்ஸ்ல அரியர் வச்சிருக்கிறவங்களும் போடலாம்.

'கிரீஸ்' படம் வெளிவந்த வருஷம் 1978. கதை தொடங்கும் வருஷம் 1958. வித்தியாசம் 20. 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' வெளிவந்தது 1985. கதை நடப்பது 1984 மார்ச் 24, ஒரு சனிக்கிழமை. வித்தியாசம் 1. அதாவது கிட்டத்தட்ட பூஜ்யம்.

"ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஸ்கூல் படம்"னு நெட்ல எத்தனையோ பட்டியல் பார்த்திருப்பீங்க. 50களுக்கு 'கிரீஸ்', 80களுக்கு 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்'னு பக்கத்துல பக்கத்துல வச்சிருப்பாங்க. ஆனா ரெண்டும் ஒரே வகைப் படம் இல்லை. ஒண்ணு நடந்துகிட்டு இருக்கும்போதே எடுத்தது. இன்னொண்ணு முடிஞ்சு 20 வருஷம் கழிச்சு ஞாபகத்துல இருந்து எடுத்தது. போன வார லேப் ரெக்கார்டுக்கும் அலும்னி மீட்ல சீனியர் அடிச்சுவிடுற கதைக்கும் உள்ள வித்தியாசம் இதுல இருக்கு. சீனியர் பொய் சொல்றார்னு இல்லை, அவருக்கு முடிவு தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு எண்ணை வச்சுத்தான். இதை 'இடைவெளி'ன்னு வச்சுக்குவோம்.

அதுக்கு முன்னாடி அங்குள்ள ஹைஸ்கூல் பத்தி ஒரு விஷயம். அது பெரும்பாலும் 9-ஆம் வகுப்பு முதல் 12 வரை, ஏறக்குறைய 14 வயதிலிருந்து 18 வரை. நம்ம ஊர்ல பசங்க ஒரே வகுப்பறைல உட்கார்ந்திருப்போம், பீரியட் மாறினா வாத்தியார் மாறுவார். அங்கே வாத்தியார் அவர் அறையிலேயே இருப்பார், பசங்கதான் ஒவ்வொரு பீரியடுக்கும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு அலையணும். அதனாலதான் அந்தப் படங்கள்ல எல்லாமே வராந்தாவில் நடக்குது: லாக்கர் பக்கத்துல காதல், லாக்கர் பக்கத்துல அடிதடி. இன்னொண்ணு, பெரும்பாலான மாநிலங்கள்ல 16 வயசுல கார் ஓட்ட லைசன்ஸ் கிடைச்சிடும். இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டா பாதிப் படம் புரிஞ்ச மாதிரி.

இப்போ 1955. 'ரெபெல் வித்தவுட் எ காஸ்'. இடைவெளி 0. இயக்குநர் நிக்கோலஸ் ரே. சிவப்பு ஜாக்கெட் ஜேம்ஸ் டீனைப் படம் பார்க்காதவங்களுக்கும் தெரியும். அவர் அப்போ பள்ளி மாணவர் இல்லை, 24 வயசு. படம் திரைக்கு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 1955 செப்டம்பர் 30-ல், கார் விபத்துல இறந்துட்டார். படத்துக்குள்ளேயும் மலை விளிம்பை நோக்கி ரெண்டு பேர் கார் ஓட்டுற ஒரு பந்தயம் இருக்கு. முதல் காட்சியில் தியேட்டர்ல உட்கார்ந்திருந்த பசங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பெத்தவங்க மேல கோபம் இருக்கு, ஆனா அந்தக் கோபத்துக்கு என்ன காரணம்னு படத்துக்கே தெரியலை. அதைத்தான் நான் இதோட பெரிய பலம்னு சொல்வேன். 20 வருஷம் கழிச்சு எடுத்திருந்தா யாராவது ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சு வச்சிருப்பாங்க.

இடைவெளி இருந்தா என்ன கிடைக்கும்? அதுக்கு 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973). கதை 1962 கோடையின் கடைசியில் ஒரே ஒரு ராத்திரி. இடைவெளி 11. எடுத்தவர் ஜார்ஜ் லூகாஸ். ஆமா, 'ஸ்டார் வார்ஸ்' லூகாஸ்தான், அதுக்கு நாலு வருஷம் முன்னாடி. கலிஃபோர்னியாவில் மொடெஸ்டோங்கிற ஊர்ல அவர் பள்ளியை முடிச்சது 1962-லதான். கதையும் அதே ஊர்ல நடக்குது. ஸ்கூல் முடிச்ச பசங்க விடியற வரைக்கும் கார்ல ஊரைச் சுத்துறாங்க, ரேடியோல பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. காலைல யார் வெளியூர் காலேஜுக்குக் கிளம்புறது, யார் ஊர்லயே தங்குறது? கதை அவ்வளவுதான்.

விஷயம் கடைசி ஒரு நிமிஷத்துல இருக்கு. விமானம் பறந்து போகும்போது திரையில நாலு பசங்களுக்கும் என்ன ஆச்சுன்னு எழுத்துல போடுறாங்க. ஒருத்தன் 1964-ல் குடிச்சிட்டு கார் ஓட்டினவன் இடிச்சு செத்துப்போறான். ஒருத்தன் 1965-ல் வியட்நாம் போர்ல காணாமப் போறான். ஒருத்தன் அதே ஊர்ல இன்சூரன்ஸ் ஏஜென்ட். நாலாவது ஆள் எழுத்தாளர், இருக்கிறது கனடாவில். அமெரிக்கக்காரன் ஏன் கனடாவில்? கட்டாய ராணுவ சேவைக்குப் பயந்து அந்த நாட்டுக்குப் போன இளைஞர்கள் நிறைய பேர். படம் வந்த அதே 1973-லதான் அந்தக் கட்டாய ஆள்சேர்ப்பு நின்னுச்சு. ஆக, தியேட்டர்ல உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்ச ஒண்ணு திரையில கார் ஓட்டுற பையனுக்குத் தெரியலை. அவங்க கும்மாளத்தைப் பார்த்து நீங்க சிரிச்ச சிரிப்பெல்லாம் அந்த நாலு வரியில திரும்பி வந்து குத்தும்.

1962-ல் ஒரு மாணவனே இந்தப் படத்தை எடுத்திருந்தா அந்த நாலு வரி வந்திருக்காது. இடைவெளி தர்ற லாபம் இது.

நஷ்டமும் அதே நிமிஷத்துல இருக்கு. எண்ணிப் பாருங்க: நாலும் பசங்க. ராத்திரி முழுக்க கூடவே சுத்தின பொண்ணுங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரிகூட இல்லை. ஞாபகம் யாருடையதோ, கணக்கும் அவங்களுடையதுதான்.

இதை நல்லா உணரணும்னா 'கூலி ஹை' பாருங்க. (தலைவர் படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சிகாகோவில் இருந்த கூலி வொக்கேஷனல் ஹைஸ்கூல்ங்கிற பள்ளியோட பேர் அது.) வெளிவந்தது 1975, கதை 1964. இடைவெளி அதே 11! இயக்கியவர் மைக்கேல் ஷுல்ட்ஸ். எழுதியவர் எரிக் மான்ட்டி, தான் வளர்ந்த சிகாகோ குடியிருப்பையும் தன் பள்ளி நாட்களையும் வச்சு எழுதினார். கறுப்பின மாணவர்களோட கதை. ஒருத்தன் கவிதை எழுதுறவன், பேர் ப்ரீச். அவன் நண்பன் கோச்சீஸ், கூடைப்பந்து ஆடி காலேஜ் ஸ்காலர்ஷிப் வாங்கினவன். ரேடியோல மோட்டவுன் பாட்டு, பார்ட்டி, கட் அடிச்சிட்டு மிருகக்காட்சி சாலை. மேலோட்டமா பார்த்தா 'கிராஃபிட்டி'யோட அண்ணன் தம்பி.

ஆனா மொடெஸ்டோ பசங்க கார்ல போறாங்க. சிகாகோ பசங்க சிட்டி பஸ்ஸோட பின்பக்கம் தொத்திக்கிட்டுப் போறாங்க. அங்க கார் பந்தயம் வெறும் வீர விளையாட்டு. இங்க திருட்டுக் கார்ல ஒரு சுத்து சுத்தினதுக்கு போலீஸ், அதுல இருந்து காட்டிக்கொடுத்துட்டாங்கன்னு ஒரு சந்தேகம், அந்தச் சந்தேகத்துல ஒரு சாவு. 'கிராஃபிட்டி'யில் சாவு கடைசி எழுத்துல வருது, படம் முடிஞ்ச பிறகு. 'கூலி ஹை'யில் அது படத்துக்குள்ளேயே, அவங்க தெருவிலேயே வந்துடுது. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே இடைவெளி. இதுல எது "60களின் ஸ்கூல் படம்"? பட்டியல் போடுறவங்க பெரும்பாலும் முதல் படத்தை மட்டும் எழுதுவாங்க. ஒண்ணுதான் பார்க்க முடியும்னா ரெண்டாவதைப் பாருங்கன்னு நான் சொல்வேன். ரெண்டையும் பார்த்தா இன்னும் நல்லது.

'கிரீஸ்' பத்தி ஒரே வரி: பள்ளி மாணவி ரிஸ்ஸோவா நடிச்ச ஸ்டாக்கார்ட் சேனிங்குக்குப் படப்பிடிப்பு நேரத்துல 33 வயசு. பாட்டு அருமை. பாட்டுக்காகப் பாருங்க, 1958-க்காகப் பார்க்காதீங்க.

80களுக்கு வருவோம். இங்க கணக்குல இன்னொரு வரி சேர்க்கணும்: எடுத்தவர் வயசு என்ன?

கேமரன் குரோ 22 வயசுல ஒரு வேலை செஞ்சார். ஏற்கெனவே ராக் இசைப் பத்திரிகையாளரா பேர் வாங்கினவர். 1979-ல் சான் டியேகோவில் ஒரு ஹைஸ்கூலில், பிரின்சிபால் அனுமதியோட, மாணவன் மாதிரியே போய் உட்கார்ந்தார். கூட இருந்த பசங்களுக்குத் தெரியாது. அதை 1981-ல் புத்தகமா எழுதினார். அடுத்த வருஷம் அவர் திரைக்கதையில் ஏமி ஹெக்கர்லிங் எடுத்த முதல் படம்தான் 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை'. காமெடிப் படம்னு சொல்லித்தான் விப்பாங்க. ஷான் பென் தலைமுடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு வர்ற காட்சிகள் காமெடிதான். ஆனா நோட் பண்ண வேண்டியது வேற. இந்தப் பசங்க எல்லாரும் வேலைக்குப் போறாங்க. மால்ல பீட்சா கடை, தியேட்டர்ல டிக்கெட், பர்கர் கடை. எந்தக் கடை யூனிஃபார்ம் போட்டிருக்கோம்கிறதை வச்சுத்தான் மரியாதை. நல்ல பர்கர் கடையில் இருந்து துரத்தப்பட்ட பையன் அப்புறம் கடற்கொள்ளைக்காரன் வேஷத்துல மீன் விக்கிற கடைக்கு வந்து சேர்றான். பள்ளி நாட்களை ஞாபகத்துல இருந்து எழுதுறவங்க காதலை எழுதுவாங்க, நட்பை எழுதுவாங்க. சம்பளம், ஷிஃப்ட் இதெல்லாம் முதல்ல மறந்து போற சமாச்சாரம். பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவர் எழுதினதாலதான் அது படத்துல இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. அதுல வர்ற 15 வயசுப் பொண்ணு ஸ்டேசி கர்ப்பமாகிறா. பொறுப்பேத்துக்க வேண்டியவன் வரலை. தனியா கிளினிக்குக்குப் போய் கருக்கலைப்பு செஞ்சுக்கிறா. வெளியே வரும்போது அவ அண்ணன் காருடன் நிக்கிறான். திட்டலை, வகுப்பெடுக்கலை, சாப்பிடப் போகலாமான்னு கேக்குறான். பின்னணி இசையில அழுகை கிடையாது. 1982-ல் அது நடக்கக்கூடிய ஒரு விஷயம், அவ்வளவுதான். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை பத்தின தன் 1973 தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. இப்போ பல மாநிலங்கள்ல அந்தக் காட்சி அப்படியே நடக்க வழியில்லை. 40 வருஷத்துக்கு அப்புறம் இது ஆதாரமா மாறும்னு எடுத்தவங்க நினைச்சிருக்க மாட்டாங்க. இடைவெளி இல்லாத படங்கள் இப்படித்தான், எது முக்கியம்னு தெரியாமலேயே எதையாவது பதிவு பண்ணி வச்சிடும்.

'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' எல்லாருக்கும் பிடிச்ச படம், எனக்கும்தான். சனிக்கிழமை தண்டனையா லைப்ரரியில் உட்கார வச்ச அஞ்சு பேர்: படிப்பாளி, விளையாட்டு வீரன், பணக்காரப் பொண்ணு, ரவுடி, யாரோடும் சேராதவ. மூடப்பட்ட ஒரு பள்ளியோட ஜிம்முக்குள்ள செட் போட்டு எடுத்தாங்க. மார்க் குறைஞ்சதுக்காகப் படிப்பாளிப் பையன் எந்த எல்லைக்குப் போக இருந்தான்னு சொல்ற இடத்துல எங்க ரூம்ல பேச்சே இல்லை. இடைவெளி கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா ஜான் ஹியூஸுக்கு அப்போ 34 வயசு. அது ரெண்டு இடத்துல தெரியும். ஒண்ணு, யாரோடும் சேராத பொண்ணுக்குத் தலை வாரி மேக்கப் போட்டதும் பிரச்சினை தீர்ந்த மாதிரி காட்டுறது. ரெண்டு, ரவுடிப் பையன் அந்தப் பொண்ணைப் படம் முழுக்க சீண்டிட்டு கடைசியில அவளையே ஜோடியா அடையுறது. அந்தப் பணக்காரப் பொண்ணா நடிச்ச மோலி ரிங்வால்டே 2018-ல் 'தி நியூ யார்க்கர்' பத்திரிகையில் இதைப் பத்தி நீளமா எழுதினார். படத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை, தப்பை மறைக்கவும் இல்லை. தேடிப் படிங்க.

அப்புறம், அந்த அஞ்சு பேரும் வெள்ளையர்கள். பள்ளி இருக்கிறது சிகாகோ புறநகர்ல. ஆமா, 'கூலி ஹை' நடந்த அதே சிகாகோ.

1991-ல் ஜான் சிங்கிள்டன் 'பாய்ஸ் இன் த ஹுட்' எடுத்தப்போ அவருக்கு வயசு 23. லாஸ் ஏஞ்சலிஸ் தெற்குப் பகுதி, அவர் வளர்ந்த இடம். முதல் பகுதி 1984, மீதி அன்றைய தேதி. இதுல ரிக்கின்னு ஒரு பையன், ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் கிடைக்கிற வாய்ப்பு. ஆனா எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 700 வாங்கணும். கட்-ஆஃப் பார்த்து வயித்தைக் கலக்கிக்கிட்டு உட்கார்ந்த நமக்கு இது சொல்லாமலே புரியும். ரிசல்ட் கவர் தபால்ல வருது. அவனைச் சுட்ட அதே நாள். அம்மா கவரைப் பிரிக்கிறாங்க: 710. நான் பார்த்த ஸ்கூல் படங்கள்லயே ஒரு மார்க் இவ்வளவு கனமா இருந்தது இதுலதான்.

அந்தப் பத்தாண்டிலேயே ஞாபகப் படம் ஒண்ணும் உண்டு: ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' (1993). கதை 1976 மே 28, டெக்சாஸில் ஒரு பள்ளியோட கடைசி நாள். இடைவெளி 17. ஆனா இவர் லூகாஸ் மாதிரி முடிவை எழுத்துல போடலை. சீனியர்கள் மட்டையை வச்சு ஜூனியர்களைத் துரத்தித் துரத்தி அடிக்கிறதை இனிப்பு தடவாம காட்டுறார். ராகிங் பத்தி நம்ம ஊர்ல போஸ்டர் ஒட்டுறதைவிட இது நல்லா உறைக்கும். படத்துல ஒரு பையனே சொல்றான், பின்னாடி என்னைக்காவது இதுதான் என் வாழ்க்கையோட பொற்காலம்னு நான் உளற ஆரம்பிச்சா என்னைத் தூக்குல போடுங்கங்கிற மாதிரி. ஞாபகப் படம் எடுக்கிறவர் ஞாபகத்தையே நம்பாம எடுத்தது, அதனால எனக்கு இது 'கிரீஸ்'ஸைவிட நாலு படி மேல.

'குளூலெஸ்' (1995) திரும்பவும் ஹெக்கர்லிங்தான். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலை பெவர்லி ஹில்ஸுக்குக் கொண்டு போனார். (அதே ஆஸ்டினோட இன்னொரு நாவலைத்தான் நாம 2000-ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'னு பார்த்தோம்.) ஜாலியான படம், வேகமா கடந்துடலாம்.

'மீன் கேர்ள்ஸ்' வந்தது 2004 ஏப்ரல் 30. அதுல பொண்ணுங்க மத்தவங்களைப் பத்தி அசிங்கமா எழுதி வைக்கிற ஒரு நோட்டு இருக்கு. கோந்து போட்டு ஒட்டின போட்டோ, பேனாவால எழுத்து. கடைசியில அதை ஜெராக்ஸ் எடுத்து வராந்தா முழுக்க வீசுறாங்க. ஃபேஸ்புக் ஆரம்பிச்சது அதே வருஷம் பிப்ரவரி. கொஞ்ச வருஷம் தள்ளி எடுத்திருந்தா நோட்டும் இல்லை, ஜெராக்ஸும் இல்லை. காகிதத்துல நடந்த கொடுமையை அதோட கடைசி நாட்கள்ல பிடிச்சு வச்ச படம் அது.

கடைசியா ஒரு ஜோடி. 2017-ல் கிரெட்டா கெர்விக்கின் 'லேடி பேர்ட்', கதை 2002-ல் தொடங்குது, இடைவெளி 15. 2018-ல் போ பர்ன்ஹமின் 'எய்த் கிரேட்', இடைவெளி 0. முன்னதுல அப்பாவுக்கு வேலை போயிடுது, காலேஜ் உதவித்தொகை விண்ணப்பம், அம்மாவும் பொண்ணும் பழைய துணிக் கடையில சண்டை போட்டுக்கிட்டே ஒரு டிரெஸ்ஸைப் பார்த்ததும் சமாதானம் ஆகுற காட்சி. 15 வருஷம் கழிச்சு அம்மா பக்கத்து நியாயமும் தெரிஞ்சவங்கதான் அதை எழுத முடியும்.

'எய்த் கிரேட்' ஹைஸ்கூலுக்கு ஒரு வருஷம் முன்னாடி. 13 வயசுப் பொண்ணு தன்னம்பிக்கை பத்தி யூடியூப் வீடியோ போடுறா, பார்க்க ஆளில்லை. படம் வந்தப்போ பர்ன்ஹமுக்கு வயசு 27. அவர் திரைக்கதையில ஃபேஸ்புக் வச்சிருந்தார். ஃபேஸ்புக்கெல்லாம் இப்போ யாரும் பயன்படுத்துறது இல்லைன்னு நடிக்க வந்த எல்சி ஃபிஷர் சொல்ல, அதையே படத்துல சேர்த்துட்டார். இருபதுகள்ல இருந்தவர்கூட அதுக்குள்ள பழசாயிட்டார் பாருங்க. இன்னொரு கூத்து: அமெரிக்க சென்சார் இதுக்கு 'ஆர்' கொடுத்துச்சு, அதாவது எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க பெரியவங்க துணை இல்லாம தங்களைப் பத்தின படத்தைப் பார்க்க முடியாது.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு? நான் பிளஸ் டூ முடிச்சது 2021. பதினொண்ணாம் வகுப்பு முடியும்போது ஊரடங்கு. பன்னிரண்டாம் வகுப்புல பெரும்பாலும் பார்த்தது கூகுள் மீட்ல கறுப்புக் கட்டங்கள். வீட்ல ஒரே போன், எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே நேரத்துல வகுப்பு, யாருக்குக் கெமிஸ்ட்ரி யாருக்குக் கணக்குன்னு தினம் சண்டை. மாஸ்க் போட்டுக்கிட்டு பிராக்டிகல் மட்டும் எழுதினோம். பொதுத்தேர்வு ரத்து. பத்தாம் வகுப்பு மார்க்கையும் சேர்த்து ஒரு ஃபார்முலாவில் மார்க் வந்துச்சு. ஃபேர்வெல் கிடையாது.

போன மாசம் ரூம்மேட், அதே வருஷத்து ஆள், "மச்சான், அந்த வருஷம் செம ஜாலிடா, எக்ஸாமே இல்ல"ன்னான். நான் போன் சண்டையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், அப்பாவுக்கு அந்த ஆறு மாசம் வேலையே இல்லைன்னும், மீட்ல கேமரா போடாததுக்குக் காரணம் பின்னாடி தெரியுற வீடுதான்னும் சொன்னான். இடைவெளி இப்போதான் 4. அதுக்குள்ள அவனே அதை வெட்டிட்டான்.

2021-ஓட 11 கூட்டினா 2032. 'அமெரிக்கன் கிராஃபிட்டி' வந்தப்போ லூகாஸுக்கு 29 வயசு. 2032-ல் எங்க பேட்ச்சுக்கும் ஏறக்குறைய அதே வயசு. கேமரா போடாத அந்தக் கட்டத்தை அதுல யார் எடுப்பாங்கன்னு தெரியலை. ரூம்மேட்கிட்ட அந்த ஆறு மாசத்தை எழுதி வைடான்னு சொல்லியிருக்கேன். இன்னும் ஆரம்பிக்கலை.

செமஸ்டர் லீவுல ரெண்டே படத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா, 'கூலி ஹை' முதல் நாள், 'அமெரிக்கன் கிராஃபிட்டி' மறுநாள். ரெண்டுலயும் கடைசியில எழுத்து வரும். அணைச்சிடாதீங்க.